பட்டறைப் பதில்கள்: பீடிங்கை அப்புறம் பார்ப்போம்

கேள்வி: அண்ணா, வணக்கம். போன வருடம் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கோப்ரா என்ற பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் மாடலில் செய்த வண்டி வாங்கினேன். ஃபைபர் பாடி, இரும்புக் குழாய் சேசிஸ், ரிவெட் அடித்த அலுமினியத் தரை. சைலன்சர் இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுகிறது. மழைக்கும் பனிக்கும் ரெக்ஸின் டாப் போட்டு, கதவில் சைடு கர்ட்டன் (கழற்றி மாட்டும் ஜன்னல் மறைப்பு) சொருகி ஓட்டுகிறேன். வேகம் 60-ஐத் தாண்டினால் எல்லாப் பக்கமும் காற்று. கதவுச் சந்தை அடைக்கும் ரப்பர் பீடிங்கை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். தோள் பக்கம் வந்த காற்று குறைந்தது. ஆனால் கால் பக்கம் சூடு கூடிவிட்டது, தொப்பூர் இறக்கத்தில் பெட்ரோல் வாசமும் வருகிறது. வீட்டில் அவங்க கூட வந்தால் காரிமங்கலம் தாண்டுவதற்குள் தலைவலி என்கிறார்கள். இன்னும் தடிமனான பீடிங் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், தருமபுரி

பதில்: தம்பி, பீடிங்கை அப்புறம் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் அந்தத் தலைவலி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வண்டியில் ஏறினால் வருகிற, இறங்கினால் விடுகிற தலைவலி என்றால் அது வெயிலோ பசியோ இல்லை, சைலன்சர் புகையாக இருக்கலாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பெட்ரோல் வாசம் மூக்குக்குத் தெரிகிறது, இது தெரியாது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் இது அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் பதிலைப் படித்த பிறகு, சைலன்சரைச் சோதிக்கும் வரை டாப் போட்டு ஓட்டாதீர்கள். திறந்தே ஓட்டுங்கள், இல்லை என்றால் நிறுத்தி வையுங்கள்.

இதை நான் எதையோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. என் பையன் இரண்டாவது படிக்கும்போது, ஒரு மார்கழிக் காலையில், பட்டறைக்கு வந்த ஒரு பழைய ஜீப்பை ஓட்டிப் பார்க்க எடுத்தேன். பின்பக்கக் கேன்வாசை நானே புதிதாகத் தைத்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். குளிர் உள்ளே வரக் கூடாது என்று அவ்வளவு அக்கறையாகக் கட்டினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குப் புறப்பட்டோம். ராயக்கோட்டை வருவதற்குள் பையன் தூங்கிவிட்டான். எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. விடியற்காலையில் எழுந்த அசதி என்று நினைத்தேன். கெலமங்கலம் பக்கம் டீ குடிக்க இறங்கியபோது முழங்காலில் பலம் இல்லை. பையனை எழுப்பினால் கண்ணைத் திறக்கிறான், மறுபடி மூடிக்கொள்கிறான். அப்புறம் ரோட்டோரத்திலேயே வாந்தி எடுத்தான். டீக்கடைக்காரர்தான் வேறு வண்டி பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆக்சிஜன் வைத்தார்கள், சாயங்காலம் தெளிந்துவிட்டான். மறுநாள் ஜீப்பைத் தூக்கிப் பார்த்தால், சைலன்சரின் முன் ஜாயின்ட்டில் கேஸ்கெட் ஒரு பக்கம் தின்றுபோய் இருந்தது. சேசிஸில் அந்த இடத்துக்கு நேராக உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகக் கரி. கேன்வாசை இறுக்கிக் கட்டுவதற்கு முன்னாலும் அந்த ஓட்டை இருந்ததுதான். பின்பக்கம் திறந்திருந்தவரை வந்த புகை வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. நான் அடைத்ததும் உள்ளே தங்கிவிட்டது.

உங்கள் வண்டியிலும் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பீடிங் மாற்றியதும் கால் பக்கம் சூடு கூடியது தற்செயல் இல்லை. பென்னாகரம் பக்கம் மண் ரோட்டில் ஓடும் பழைய பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள். புழுதியைக் கிளப்புவது சக்கரம், பஸ் அந்தப் புழுதியை விட்டு முன்னால்தான் போகிறது. ஆனாலும் கடைசி சீட்டுக்காரர் தலையில்தான் மண் விழும். ஏன்? ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி ஆகிவிடும், புழுதியும் புகையும் அங்கே சுழன்றுகொண்டே கூட வரும். முன்பக்க ஜன்னல் வழியே காற்று வெளியே இழுக்கப்படும்போது, அந்த இடத்தை நிரப்பப் பின்பக்கச் சந்திலிருந்து உள்ளே ஏறும். கரூரில் பஸ் பாடி பட்டறையில் பதினொரு வருடம் இருந்தேன். பின்பக்கம் புழுதி வருகிறது என்று திரும்பி வந்த பஸ்களுக்கு நான் அடைத்த சந்துகளுக்குக் கணக்கு இல்லை.

உங்கள் வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 80-ல் போகும்போது ரெக்ஸின் டாப் மேலே உப்பும், பார்த்திருப்பீர்கள். கீழேயிருந்து காற்று தள்ளுவதால் மட்டும் அது உப்புவதில்லை, மேலேயும் பக்கவாட்டிலும் அழுத்தம் குறைவாக இருப்பதால் உப்புகிறது. சைடு கர்ட்டன் ஓரமாக உள்ளே இருக்கும் காற்று உறிஞ்சப்படுகிறது. போன காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். முன்னே கதவுச் சந்து வழியே வந்தது. அதை அடைத்துவிட்டீர்கள். இப்போது இன்ஜின் பக்கமிருந்தும் டிக்கி பக்கமிருந்தும் இழுக்கிறது. இன்ஜின் பக்கக் காற்று சூடு. டிக்கி பக்கக் காற்றில் பெட்ரோல். தடிமனான பீடிங் போட்டால் இன்னும் பலமாக இழுக்கும். அதனால் வேலையின் வரிசையை மாற்றுங்கள்: முதலில் சைலன்சர், அடுத்து இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு, அப்புறம் கியர் டனலும் (கியர்பாக்ஸை மூடும் தரை மேடு) டிக்கியும், கடைசியில் கதவு.

1962-ல் வந்த அசல் கோப்ராவிலேயே கதவுக்குக் கண்ணாடி ஏற்றி இறக்கும் வசதி கிடையாது, உங்களுடையது மாதிரி சைடு கர்ட்டன்தான். திறந்து ஓட்ட வரைந்த வண்டி அது. அலுமினியப் பாடியை ஃபைபரில் எடுக்கும்போது கதவுச் சந்து இன்னும் ஒழுங்கில்லாமல் போகும். ஆகவே வீட்டுக் கார் மாதிரி நிசப்தமாக ஆக்கிவிட முடியாது. ஆனால் புகையும் சூடும் வராமல் செய்ய முடியும், அது கட்டாயம் செய்ய வேண்டிய வேலை.

சைலன்சர் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த ஈரச் சாக்கால் சைலன்சர் வாயைச் சில விநாடி அழுத்திப் பிடிக்கட்டும், மற்றவர் இன்ஜினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டிலிருந்து பின்னால் வரை காது கொடுத்துக்கொண்டே வரட்டும். ஓட்டை இருந்தால் புஸ் புஸ் என்று கேட்கும். உங்களுக்கு இரண்டு குழாய் இருப்பதால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஜாயின்ட்டில் கரி படிந்திருந்தால் கேட்க வேண்டியதே இல்லை, கேஸ்கெட் மாற்றுங்கள். குழாயின் வாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். கதவை ஒட்டி முடிந்தால் புகை நேராக சைடு கர்ட்டன் சந்துக்குத்தான் வரும். பின் சக்கரத்துக்கு முன்னால், வெளிப்பக்கமாகத் திரும்பி முடிய வேண்டும்.

அடுத்தது வெளிச்சச் சோதனை. எனக்கு எந்தக் கருவியையும்விட இதில்தான் நம்பிக்கை. இரவு எட்டு மணிக்கு மேல், விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, பானட்டுக்குள் பெட்ரோல் குழாயை விட்டுத் தள்ளி ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்து மூடுங்கள். நீங்கள் கேபினுக்குள் போய் டாப்பையும் மூடி, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்து, மல்லாந்து படுங்கள். ஐந்து நிமிடம் எதுவும் செய்யாதீர்கள், கண் பழகட்டும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியும்: ஸ்டீயரிங் ராடு நுழையும் இடத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று, வயர் கட்டு வரும் ஓட்டையில் ஒரு பொட்டு, ஆக்சிலேட்டர் கேபிளைச் சுற்றி ஒரு வளையம், ரிவெட் வரிசையில் தையல் விட்ட துணி மாதிரி ஒரு கோடு. அந்த ஜீப்பில் நான் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினேன், பதினேழு இருந்தது. கால் வைக்கும் பெட்டியின் மூலைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று தகடு சேரும் மூலையில்தான் ரிவெட்டும் போகாது, சீலன்ட்டும் போயிருக்காது. நீங்கள் சொல்லும் சூட்டில் பாதி அங்கிருந்துதான் வரும் என்பது என் ஊகம்.

எதைக் கொண்டு அடைப்பது? வயர், கேபிள் போகும் ஓட்டைக்கு ரப்பர் வளையம், அதாவது குரோமெட். ஓட்டையின் தகட்டு விளிம்பில் அது உட்காரும்படி சரியான அளவு வாங்குங்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் முதலில் ஒரு அலுமினியப் பட்டை வைத்துச் சிறிதாக்கி, அப்புறம் குரோமெட் போடுங்கள். வயரைச் சும்மா சீலன்ட்டால் மூடினால் தகட்டு விளிம்பு ஒருநாள் வயரை அறுக்கும், ஃபைபர் வண்டியில் ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டீயரிங் ராடுக்கும் கியர் லிவருக்கும் மடிப்பு ரப்பர் பூட். கியருக்கு மேலே அழகான லெதர் பூட் இருக்கும், அது காற்றை நிறுத்தாது. அதற்கு அடியில் டனலோடு பிடித்து ஸ்க்ரூ போட்ட ரப்பர் பூட் ஒன்று வேண்டும். தகடு தகடு சேரும் கோட்டுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட், பஸ் பாடியில் நாங்கள் போடுவது அதுதான். காய்ந்த பிறகும் ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு, மேலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் காயும், அதனால் தடிமனாக அப்பிவிட்டு மறுநாளே ஓட்டக் கூடாது. சைலன்சருக்குப் பக்கத்தில் எந்தச் சீலன்ட்டும் நேராக நிற்காது. அங்கே இடைவெளி விட்டு ஒரு அலுமினிய மறைப்பு முதலில், சீலன்ட் அதற்குப் பின்னால்.

எம்சீல் வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கு நல்ல சாமான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லாக இறுகிவிடும், ஃபைபர் பாடியோ ஒவ்வொரு பள்ளத்திலும் அசைகிறது. ஆறு மாதத்தில் விளிம்பில் விரிசல் விடும். கதவு ஜன்னல் வேலைக்கு வரும், ஊதிப் பெருகும் ஃபோமும் வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைத்துச் சேசிஸ் குழாயை அரிக்கும், தீயும் சீக்கிரம் பிடிக்கும். வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம், அந்தப் புளிப்பு அலுமினியத்தையும் வயரின் செம்பையும் தின்னும்.

இன்னொன்று. தரையின் தாழ்ந்த மூலையிலும் கதவுக்குக் கீழேயும் சின்னத் துளைகள் இருக்கும். அவை தண்ணீர் இறங்க வைத்தவை. வெளிச்சச் சோதனையில் அவையும் ஒளிரும், ஆர்வத்தில் அடைத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் மூடி கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

பெட்ரோல் வாசத்துக்கு வருவோம். இறக்கத்தில் மட்டும் வருகிறது என்றால் டேங்கில் பெட்ரோல் முன்பக்கம் ஒதுங்கும்போது எதுவோ கசிகிறது. டிக்கி மேட்டை எடுத்துவிட்டு, மீட்டர் மிதவை உட்காரும் மூடியின் கேஸ்கெட், பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர், கிளாம்ப் மூன்றையும் தொட்டு முகர்ந்து பாருங்கள். டேங்க் மூச்சுவிடும் சின்னக் குழாய் டிக்கிக்குள்ளேயே முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தனி ஆளாகக் கட்டிய வண்டிகளில் இதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அது தரைக்கு வெளியே போய்த்தான் முடிய வேண்டும். கசிவை நிறுத்தாமல் வாசத்தை மட்டும் அடைக்க நினைக்காதீர்கள். கசிவு நின்ற பிறகு சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் அட்டையோ துணியோ இருந்தால் கழற்றிவிட்டு, அலுமினியத் தகடு போட்டு ஓரம் முழுக்கச் சீலன்ட் இழுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு கதவு. பீடிங் வாங்கும் முன் சந்தை அளக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கோலிக்குண்டு அளவு உருட்டி, கதவுச் சட்டத்தில் ஒரு சாண் இடைவெளியில் ஒட்டுங்கள். மேலே பாலிதீன் தாள் வையுங்கள், இல்லை என்றால் கதவில் ஒட்டிக்கொள்ளும். கதவை மெதுவாக மூடித் திறந்தால் ஒவ்வொரு உருண்டையும் நசுங்கிய தடிமன்தான் அந்த இடத்துச் சந்து. ஃபைபர் கதவில் பூட்டுப் பக்கம் 4 மில்லிமீட்டர், கீழ் மூலையில் 10 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரே பீடிங்கைச் சுற்றி ஓட்டினால் பூட்டுப் பக்கம் கதவு மூடாது, கீழே தொடாது. நீங்கள் இரண்டு தடவை மாற்றியும் திருப்தி இல்லாததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். முதலில் கீலையும் பூட்டுக் கொக்கியையும் சரி செய்து வித்தியாசத்தைக் குறையுங்கள். மீதி வித்தியாசத்துக்கு, அகலமான இடத்தில் அடியில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டி உயர்த்துங்கள். உள்ளே காற்றுக்குழி உள்ள, வெயில் மழை தாங்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் பீடிங்காக, மூடும்போது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நசுங்கும் அளவில் வாங்குங்கள். அதற்கு மேல் நசுங்கினால் கதவு வளையும். ஜாயின்ட் கதவின் கீழ்ப்பக்கம் வரட்டும், மேலே வந்தால் மழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும்.

சரி, அடைத்தது சரியா என்று எப்படித் தெரியும்? பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவது மாதிரிதான். சைடு கர்ட்டன் ஒன்றைக் கழற்றி அங்கே அட்டை வைத்து டேப் ஒட்டுங்கள், அட்டையில் ஓட்டை போட்டுத் தூசி ஊதும் பிளோயரை நுழைத்து உள்ளே காற்றைத் தள்ளுங்கள். பிளோயரின் மோட்டாரில் பொறி பறக்கும், பெட்ரோல் கசிவு நின்றது உறுதியான பிறகே இதைச் செய்யுங்கள். வெளியே ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தால் சந்து இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். ஊதுபத்தி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உங்கள் வண்டியில் பெட்ரோல் வாசம் இருக்கும் வரை நெருப்பு எந்த வடிவத்திலும் வேண்டாம்.

கடைசியாக, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் வையுங்கள். வேலை முடிந்த பிறகு, டாப் போட்டு, பாளையம் டோல்கேட் வரை நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அலாரம் சத்தம் போடாமல் இருந்தால் அப்புறம் அவங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நடுவில் யாருக்காவது தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் வந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் “வண்டிப் புகை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தக்காளி ஏற்றும் பிக்கப் வைத்திருக்கிறேன். தோட்டத்து ரோட்டில் கண்ணாடி முழுக்க ஏற்றினாலும் கேபினுக்குள் புழுதி. கதவு ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது.
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: சீட்டுக்குப் பின்னால், கேபினின் பின் தகட்டில் காற்று வெளியேறும் சின்ன ஜன்னல் சில வண்டிகளில் இருக்கும். அதில் மெல்லிய ரப்பர் மடல்கள், உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும். வெயிலில் சுருண்டு நின்றுவிட்டால் புழுதிக்கு அதுவே வாசல். மடலை மாற்றுங்கள். புழுதி ரோட்டில் பிளோயரை வெளிக்காற்று நிலையில் வைத்து ஒன்றாம் நம்பரில் ஓட விடுங்கள். பலரும் புழுதி வருமென்று பிளோயரை நிறுத்துகிறார்கள், நிறுத்தக் கூடாது. உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சந்து வழியே காற்று வெளியே போகும், புழுதி உள்ளே வராது. கேபின் ஃபில்டர் இருந்தால் அறுவடை நாட்களில் வாரம் ஒரு தடவை தட்டுங்கள்.

கேள்வி: பழைய காருக்குக் கதவு ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டேன். இப்போது விடியற்காலையில் கண்ணாடி முழுக்க உள்பக்கம் பனி படிகிறது. ரப்பர் சரியில்லையா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ரப்பர் சரியாக இருப்பதால்தான் படிகிறது, அம்மா. நாம் விடும் மூச்சின் ஈரம் முன்னே சந்து வழியே போனது, இப்போது கண்ணாடியில் நிற்கிறது. காற்றை உள்ளேயே சுற்றவிடும் பட்டனை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஏ.சி. இருந்தால் குளிர்காலத்திலும் போடுங்கள், அது ஈரத்தை எடுத்துவிடும். கால் மேட்டுக்கு அடியில் துணியோ ஃபெல்ட்டோ நனைந்திருந்தால் வெயிலில் காய வையுங்கள்.

கேள்வி: முன் கண்ணாடி ஓரத்தில் யாரோ சிலிக்கான் போட்டுவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெயின்ட் நிற்கவே இல்லை, சொட்டுச் சொட்டாக ஒதுங்குகிறது.
– ஒரு வாசகர், பர்கூர்

பதில்: சிலிக்கான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கு நிற்கும், அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. எமரி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் பிசுக்கைச் சுற்றிலும் பரப்பிவிடுவீர்கள், அதை முதலில் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க உரித்து எடுங்கள். அப்புறம் சிலிக்கான் நீக்கும் திரவத்தைச் சுத்தமான துணியில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். துணியைத் திருப்பிப் போடாமல் புதுத் துணி எடுங்கள், நான்கைந்து துணி செலவாகும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒதுங்காமல் பாய் மாதிரி பரவினால் அப்புறம் எமரி, அதற்கு மேல் பிரைமர்.